சீனிக்குப் பதில் எது?

அம்மாவுக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் வெள்ளைச் சீனிக்குத் தடை. அந்த இடத்திற்குக் குலா மெலாக்கா வந்தது. "மரத்திலிருந்து வருவதுதானே, ஒன்றும் செய்யாது" என்று அம்மா தேநீரில் தாராளமாகவே போட்டார். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது.

நம்மில் பலர் செய்யும் தவறுதான் இது. தென்னம்பாளையில் வடியும் பதநீரைக் காய்ச்சி எடுப்பது குலா மெலாக்கா. நம் கருப்பட்டிக்கு உறவு. தாதுக்கள் சிறிதளவு உண்டு. ஆனால் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் விலக்கி வைத்த அதே சீனி. (பினாங்கு ரோட்டுச் செண்டோலுக்கு அது தரும் மணத்தை நான் குறை சொல்லவில்லை!) தேனும் பெரும்பாலும் குளுக்கோஸ், பிரக்டோஸ்தான்.

ஸ்டீவியா இலைச் சாறு வேறு வகை. இரத்தத்தில் சீனியை ஏற்றாது. நாக்கில் சற்றுக் கசப்பு தங்கும். உடல் எடையைக் குறைக்க இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது. ஆயினும் இனிப்பு ஆசை அதனால் அடங்குவதில்லை.

ஆகவே மருந்தோடு, கரண்டியையும் குறைத்தோம். முதலில் ஒன்று, பிறகு அரை, பிறகு கால். மாலையில் பலகாரத்திற்குப் பதில் கொய்யாத் துண்டுகள். கடையில் 'தே ஓ கோசோங்'. கெட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சீனியாயிற்றே! முதல் இரண்டு வாரம் அம்மா முகம் சுளித்தபடியே குடித்தார். சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த தேநீரை, "என்ன இப்படித் தித்திக்கிறது?" என்று பாதியிலேயே வைத்துவிட்டார்.