உறங்கும் மடிக்கணினியை எழுப்புவது எப்படி?

பரணிலோ பீரோவின் மூலையிலோ பழைய மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டில் கிடக்கலாம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. உங்கள் அக்காவோ அண்ணனோ அப்படிப் பெற்றதாகவும் அது இருக்கலாம். பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. "எடைக்குப் போட்டுவிடலாம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சற்றுப் பொறுங்கள்! இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொறியாக அது இருக்கக்கூடும். வேறெங்கும் பிரதி இல்லாத குடும்பப் படங்கள் அதனுள் இருக்கவும் கூடும்.

பழுது பார்ப்பதற்கு முதல் தேவை திருப்புளி அன்று, சிந்தனை. பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்னென்ன நிகழ்கின்றன என்பதை அறிந்தால், எந்த இடத்தில் தடை என்று கண்டுபிடித்துவிடலாம்.

நான்கு படிகள்

முதற்படி மின்சாரம். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை அடாப்டர் சுமார் 19 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது.

இரண்டாம் படியில், தாய்ப்பலகை அதனை 5 வோல்ட், 3.3 வோல்ட் எனப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் அளிக்கிறது. மையச் செயலிக்குப் போவது ஏறத்தாழ 1 வோல்ட் மட்டுமே.

மூன்றாம் படியில் செயலி விழிக்கிறது. அப்போது ராம் நினைவகம் வெறுமையாக இருக்கும். ஆகவே முதல் கட்டளைகளைச் செயலி ஒரு சிறிய நிலைச் சில்லிலிருந்து படிக்கிறது. அதில் உள்ள நிரலைப் பழைய கணினிகளில் 'பயாஸ்' என்பர். அது நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சோதிக்கும். குறை கண்டால் 'பீப்' ஒலியாலோ விளக்கின் சிமிட்டலாலோ தெரிவிக்கும்.

நான்காம் படியில், வன்தட்டில் உள்ள இயக்க முறைமை நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. அதன் பிறகே நமக்குப் பழக்கமான திரை தோன்றுகிறது.

இனி அறிகுறிகளைப் பாருங்கள். எந்த விளக்கும் எரியவில்லையா? தடை முதற்படியிலோ இரண்டாம் படியிலோ இருக்கும். விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருண்டிருக்கிறதா? மூன்றாம் படியை ஐயுறுங்கள். நிறுவனத்தின் சின்னம் தோன்றிய பின் நின்றுவிடுகிறதா? குறை பெரும்பாலும் நான்காம் படியில்தான்.

முதலில் பாதுகாப்பு

சோதனைக்கு முன் பாட்டரி இருக்கும் பகுதியை உற்றுப் பாருங்கள். அடிப்பாகம் புடைத்தோ, விசைப்பலகை மேலெழும்பியோ இருந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. பழுதடைந்த லித்தியம் அயனி மின்கலத்தில் வேதிப்பொருள்கள் சிதைந்து வாயு உண்டாவதால் அது உப்புகிறது. அதைக் குத்தினாலோ நெளித்தாலோ தீப்பற்றும். மின்னூட்டம் செய்யாமல், பெரியவர்களிடம் கூறிப் பழுது பார்ப்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

அடாப்டரையும் பிரிக்கக் கூடாது. 230 என்பது பயனுறு (RMS) மதிப்பு. உச்ச மதிப்பு அதனை √2 ஆல் பெருக்கக் கிடைப்பது, அதாவது சுமார் 325 வோல்ட். உள்ளிருக்கும் மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அந்த அழுத்தத்தைத் தாங்கியிருக்கக் கூடும்.

சோதனை வரிசை

1. அதே பிளக்கில் வேறொரு கருவியைச் செருகி, மின்சாரம் வருகிறதா எனப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரால் அடாப்டரின் முனையை ஆசிரியர் துணையுடன் அளக்கலாம். அடாப்டரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவுடன் அது ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும்.

2. அடாப்டரையும், கழற்றத்தக்க பாட்டரியையும் நீக்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். குழம்பிய நிலையில் நின்றுபோன கட்டுப்பாட்டுச் சில்லு புதிதாகத் தொடங்கும். பின்னர் பாட்டரியின்றி அடாப்டரை மட்டும் இணைத்துப் பாருங்கள். இப்போது இயங்கினால் குற்றவாளி பாட்டரியாக இருக்கலாம்.

3. திரை இருண்டிருந்தால் டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் கணினி நலமே. திரையின் பின்னொளிதான் கெட்டிருக்கிறது. வேறொரு திரையை இணைத்தும் இதை உறுதி செய்யலாம்.

4. உருவமே இல்லையெனில் ராம் அட்டையைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் முழுதும் நீக்கிய பின், ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். அட்டையை ஓரங்களில் பிடித்துக் கழற்றி, தூசி நீக்கி, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

5. சின்னம் தோன்றிய பின் நின்றால் வன்தட்டின் ஒலியைக் கேளுங்கள். 'டிக், டிக்' என்று விடாது ஒலித்தால் உடனே நிறுத்துங்கள். சுழலும் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனைவிட மிகமிகக் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. அது தட்டில் உரசினால் பதிவுகள் அழியும். ஒவ்வொரு முறை ஓட்டுவதும் அழிவை அதிகமாக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, விளைவை ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி, கணினி இயங்கிவிட்டால், எதனால் இயங்கிற்று என்று எவ்வாறு அறிவீர்கள்? ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் விதியும் இதுவே.

எல்லாம் முயன்றும் பயனில்லையா? தாய்ப்பலகை கெட்டிருக்கலாம். அப்போதும் வன்தட்டு நலமாக இருக்கக்கூடும். அதனைக் கழற்றி, யூ.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தி, வேறு கணினியுடன் இணைத்தால் கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். வீட்டுப் படங்களை மீட்ட பிறகு, கணினியை எடைக்குப் போடுவதா, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதா என்று வீட்டாருடன் பேசுங்கள். உள்ளிருக்கும் ஈயமும் லித்தியமும் குப்பைமேட்டில் சேரவேண்டியவை அல்ல.