அந்நியர் வெளியேற எத்தனை வழி?
முத்துக்குளித்துறை கண்ட பாடம்

வீட்டுக்குள் புகுந்தவன் வெளியேற மறுத்தால் என்ன செய்வது?

அடித்து விரட்டலாம். பேசிப் பார்க்கலாம். கொடுக்கல் வாங்கலை நிறுத்தலாம். ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு.

ஒரு நாட்டில் அந்நியப் படை புகுந்துகொண்டாலும் இதே கேள்விதான். இந்த வழிகளில் பலவற்றைப் பார்த்துவிட்ட மண் ஒன்று இருக்கிறது. அதுதான் தூத்துக்குடிக் கடற்கரை!

தூத்துக்குடியை ஒட்டிய ஊர் மாப்பிள்ளையூரணி. ஒருபுறம் துறைமுகம். சில மைல் தூரத்தில் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. 300 ஆண்டுகளுக்குள் மூன்று அந்நியக் கொடிகள் இந்தக் கரையில் பறந்தன.

கை மாறிய கரை

முத்துக்காக முதலில் வந்தவர்கள் போர்த்துகீசியர். 1530-களில் அவர்கள் இங்கே காலூன்றினார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள். பிறகு வந்தது ஆங்கிலேயரின் முறை.

டச்சுக்காரர்கள் எப்படிப் போனார்கள்? கடைசியில் ஒரு காகிதம் அவர்களை அனுப்பி வைத்தது. 1824 மார்ச்சில் லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்தியாவில் இருந்த இடங்களை டச்சுக்காரர்கள் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார்கள். சுமத்ரா தீவில் இருந்த பெங்கூலனை ஆங்கிலேயர் டச்சுக்காரருக்குத் தந்தார்கள். 1825-ல் தூத்துக்குடி கைமாறியது.

குண்டு வெடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை. ஆனால், மூச்சடக்கிக் கடலுக்குள் குதித்து முத்தெடுத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! எஜமான் மாறினான்; அடிமைத்தனம் மாறவில்லை.

வாளும் கப்பலும்

அதற்கு முன்பே வாள் வழியையும் இந்த வட்டாரம் பார்த்துவிட்டது. கப்பம் கேட்ட கும்பினியாரை எதிர்த்தான் கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரை 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினான். அதுவும் சில மாதங்களில் விழுந்தது. கோட்டை இருந்த இடத்தைத் தரைமட்டமாக்கினார்கள்.

வீரம் குறைவில்லை. ஆனால், எதிரியிடம் பீரங்கி அதிகம். பாளையக்காரர்கள் எல்லோரும் ஒன்றுசேரவும் இல்லை.

அடுத்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அந்நியனின் பலம் வியாபாரத்தில் இருக்கிறது என்று அவர் கண்டார். 1906-ல், அதே அக்டோபர் 16-ந் தேதி, சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் ரூ.10 லட்சம். பங்கு ஒன்று ரூ.25. 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்தன.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் பலிக்கவில்லை. 1908-ல் சர்க்காரே குறுக்கிட்டது. வ. உ. சி. சிறைக்குப் போனார், செக்கிழுத்தார். அவர் வெளியே வருமுன் கம்பெனி மூழ்கிவிட்டது.

வியாபாரப் போட்டியில் வெல்ல முடிந்தது. ஆனால், சட்டமும் சிறையும் எதிரியின் கையில் இருந்தன.

பாரிஸ் ஒரு விதம். லிஸ்பன் ஒரு விதம்

1947-ல் ஆங்கிலேயர் போனார்கள். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், கோவாவில் போர்த்துகீசியரும் நகரவில்லை. சுதந்திர இந்தியா வழிகளை எடைபோட வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் பேச்சு பலித்தது. 1954 மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டையை இழந்து, பிரான்ஸ் களைத்துப் போயிருந்தது. புதுச்சேரிப் பகுதி மக்களும் கிளர்ந்து எழுந்திருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் சேர 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக மாற 1962 ஆகஸ்டு வரை ஆயிற்று.

கோவாவில் பேச்சு எடுபடவில்லை. போர்த்துகல்லின் சர்வாதிகாரி சலாசார், "கோவா காலனியே அல்ல, எங்கள் நாட்டின் மாகாணம்" என்ற நிலையை விட்டு இறங்கவில்லை.

சத்தியாக்கிரகம் நடந்தது. 1955 ஆகஸ்டு 15-ந் தேதி வெறுங்கையோடு எல்லை தாண்டியவர்களைச் சுட்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அடுத்து பொருளாதார முற்றுகை. ரயில் நின்றது, எல்லை மூடப்பட்டது. பம்பாயில் வேலை பார்த்த கோவாக்காரர்கள் ஊருக்குப் போய்வருவது பெரும்பாடாயிற்று. ஆனால், கோவாவுக்குக் கடல் திறந்தே இருந்தது. சாமான்கள் கப்பலில் வந்தன. இரும்புக் கனிமம் வெளிநாட்டுக்குப் போயிற்று. முற்றுகை குடும்பங்களை வாட்டியது, சலாசாரை அசைக்கவில்லை.

கடைசியில் 1961 டிசம்பர் 18-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. 36 மணி நேரத்தில் 451 ஆண்டு ஆட்சி முடிந்தது! இந்திய வீரர்கள் 22 பேர் உயிர் கொடுத்தார்கள். "கடைசி மூச்சு வரை போரிடு" என்பது சலாசாரின் உத்தரவு. கவர்னர் ஜெனரல் அதை மீறிச் சரணடைந்தார். அதனால் கோவா நகரங்கள் தப்பின.

உலகம் இதை ஒருமனதாக ஏற்கவில்லை. போரை நிறுத்தச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு சபையில் வந்த தீர்மானத்தை சோவியத் ரஷ்யா 'வீட்டோ' செய்து தடுத்தது. கோவா இந்தியாவுடையது என்று போர்த்துகல் ஒப்புக்கொண்டது, அங்கே சர்வாதிகாரம் 1974-ல் விழுந்த பிறகுதான்.

எது சரி?

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை. பேச்சு பலிக்க, எதிரே இருப்பவனுக்குப் போகும் மனம் வேண்டும். முற்றுகை பலிக்க, எல்லா வாசலும் மூட வேண்டும். ஆயுதம் வேகமானது; ஆனால், போன உயிர் திரும்புவதில்லை. அதனால்தான் அது கடைசி வழி. வெறுமனே காத்திருப்பதும் இலவசம் அல்ல. கோவா மக்கள் 1947-க்குப் பின் மேலும் 14 ஆண்டுகள் அந்நிய ஆட்சியில் கழித்தார்கள்.

எந்த வழியில் போனாலும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்த மண்ணில் வாழ்கிறவனைக் கேட்க வேண்டும். கீழூரில் பிரதிநிதிகளைக் கேட்டார்கள். கோவாவில் 1967 ஜனவரியில், மகாராஷ்டிராவுடன் சேர்வதா, தனியாக இருப்பதா என்று வாக்குப் பெட்டி வைத்துக் கேட்டார்கள். தனியாக இருப்போம் என்றார்கள் மக்கள். அப்படியே ஆயிற்று.

1825-ல் தூத்துக்குடியில் யாரையும் கேட்கவில்லை. அதனால்தான், ஓர் அந்நியன் போன பிறகும் விடுதலைக்கு இன்னும் 122 ஆண்டுகள் ஆயின!