பலசாலி கை வைத்தால் திருப்பி அடிக்கலாமா?

திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில் 2021 ஜனவரியில் 19 வயதுப் பெண் ஒருவர் தானாகவே காவல் நிலையத்துக்குப் போய், ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டதாகச் சொன்னார். இறந்தவன் உறவுக்காரன். குடிபோதையில் கத்தியைக் காட்டி மிரட்டிப் பலாத்காரம் செய்ய முயன்றிருக்கிறான். அந்தப் பெண் அவனைத் தள்ளிவிட்டு, அவன் கொண்டுவந்த கத்தியாலேயே குத்தியிருக்கிறார். போலீஸ் விசாரித்தது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவைக் காட்டி அவரை விடுவித்தது. 2012-ல் மதுரையிலும் இப்படி ஒன்று நடந்தது. பெற்ற மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை மனைவி கிரிக்கெட் மட்டையால் அடித்தார்; அவன் இறந்துபோனான். அந்தத் தாயும் சிறைக்குப் போகவில்லை.

“கையை ஓங்கினால் நம்ம மேலதான் கேஸ் வரும்” என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். அது பாதி உண்மைதான். கேஸ் வரலாம், ஆனால் தற்காப்பு என்று தெரிந்தால் அது நிற்காது. இது பெண்களுக்கு மட்டுமான பேச்சும் அல்ல. கந்துவட்டி வசூலுக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும் அடியாளிடம் மாட்டும் கடைக்காரருக்கும், குடித்துவிட்டு அரிவாளோடு வரும் பங்காளியிடம் சிக்கும் முதியவருக்கும் இதே உரிமைதான்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பேசுகின்றன. பழைய 100-வது பிரிவு இப்போது 38. தன் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் அடிபடும் முன்பின் தெரியாதவர் உடலைக் காக்கவும் திருப்பித் தாக்கலாம். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பலாத்கார முயற்சி, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற நிலைகளில் தாக்குகிறவன் உயிர் போனாலும் குற்றமில்லை. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது. வெறும் கைகலப்பு என்றால் கதை வேறு; அங்கே தடுக்கலாம், அடிக்கலாம், உயிரை எடுக்க முடியாது. வலியப் போய் வம்பிழுத்தவர் தற்காப்பு என்று சொல்லித் தப்பவும் முடியாது.

தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்கிறது 37-வது பிரிவு. அந்தத் ‘தேவை’யை யார் அளப்பது? 2010-ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. உயிர் பயத்தில் இருப்பவர் ஒவ்வோர் அடியையும் எடை போட்டு அடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பொன் நிறுக்கும் தராசில் இதை நிறுக்கக் கூடாது. ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போது ஓடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே எதிராளி வெறுங்கையோடு வந்தாலும், அவன் இரு மடங்கு ஆளாக இருந்தால், கையில் கிடைத்த உலக்கையை எடுத்ததற்குக் காரணம் சொல்ல முடியும்.

ஆனால் ஒரு கோடு உண்டு. அவன் விழுந்துவிட்டான், ஓடத் தொடங்கிவிட்டான், ஆயுதம் கைமாறி ஆபத்து தீர்ந்துவிட்டது என்றால் உரிமையும் அங்கேயே முடிகிறது. துரத்திப் போய் அடித்தால் அது பழிவாங்கல். இந்த வழக்குகளில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உடலளவிலும் இதே கணக்குதான். எடையிலும் வலுவிலும் மிஞ்சியவனோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது சினிமாவில் நடக்கும். இங்கே நோக்கம் ஜெயிப்பதல்ல, ஓடுவதற்கு மூன்று நொடி சம்பாதிப்பது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனம். நேராகப் பின்னால் இழுத்தால் நான்கு விரல்களோடு மோதுகிறோம். கையின் ஒல்லியான விளிம்பைக் கட்டைவிரல் பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி, ஓரடி முன்னே வைத்துச் சட்டென உருவினால் வெளியே வரும். வீட்டில் அண்ணனையோ அப்பாவையோ பிடிக்கச் சொல்லிப் பத்து முறை செய்து பார்த்தால் விளங்கும். படித்தால் மட்டும் வராது. கண், மூக்கு, தொண்டை, விதைப்பை, முழங்கால், பாதத்தின் மேல்புறம், இவை எவ்வளவு பெரிய உடம்பிலும் தசை மூடாத இடங்கள். முஷ்டியைவிட உள்ளங்கையின் அடிப்பகுதியும் முழங்கையும் நம் எலும்பை உடைத்துக்கொள்ளாமல் அடிக்கும். கூடவே கத்த வேண்டும். பணத்தையோ செயினையோ மட்டும் கேட்கிறான், கையில் கத்தி இருக்கிறது என்றால் கொடுத்துவிடுவதே புத்தி.

பயிற்சி பலன் தருமா என்பதற்கு நல்ல சான்று கனடாவில் இருக்கிறது. மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் அடுத்த ஓராண்டில் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சியில் அடி உதை ஒரு பகுதிதான். தெரிந்தவனே எல்லை மீறும்போது அதை ஆபத்து என்று ஒப்புக்கொள்ளவும், உறவு கெடுமே என்று தயங்காமல் மறுக்கவும் சொல்லித் தந்தார்கள். இந்தியாவில் பதிவாகும் பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான். ஆனால் நம் ஊர்ப் பள்ளிகளின் கராத்தே வகுப்பில் விடுபட்டுப்போவது இந்தப் பாடம்தான்.

உறைந்து போகிறவர்களும் உண்டு, அதில் குற்றம் எதுவும் இல்லை. ஸ்டாக்ஹோமில் பலாத்காரத்துக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களில் 70 சதவீதத்தினர் அந்த நேரத்தில் உடல் மரத்து அசைய முடியாமல் போனதாகச் சொன்னது 2017-ல் வெளியான ஆய்வு. எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று நம் சட்டமும் சொல்கிறது.

பெப்பர் ஸ்பிரே பற்றி ஓர் எச்சரிக்கை. உயிருக்கு ஆபத்து இல்லாத தகராறில் அதை அடித்த வழக்கை ரத்து செய்ய 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது ஆபத்தான ஆயுதம் என்றும் சொன்னது. பையில் வைத்திருப்பது வேறு, வாய்ச்சண்டைக்கு எடுப்பது வேறு.

தப்பித்த பிறகுதான் இன்னொரு வேலை தொடங்குகிறது. 112-க்கு நீங்கள் முதலில் அழையுங்கள். எதிராளி முந்திக்கொண்டால் நீங்கள் எதிர் வழக்கில் நிற்பீர்கள். சிராய்ப்புதானே என்று விடாமல் அரசு மருத்துவமனைக்குப் போய், ‘அடித்தார்கள்’ என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுத வையுங்கள், அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் பேசும். கிழிந்த உடுப்பைத் துவைக்காதீர்கள். தற்காப்பு என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு உங்கள் உடம்பின் காயம் பெரிய சாட்சி.

“இது எங்க லிமிட் இல்லை” என்று ஸ்டேஷனில் சொன்னால் திரும்பி வராதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். எண் 15100. புகாரில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.