ஒரே மெனு

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கச் செல்லும் நம்மவர் இறங்குவது காளிகாட் மெட்ரோ நிலையத்தில். 1986-இல் திறந்த நிலையம் அது. நிலையத்துக்கு நிலையம் அதே மூன்று மொழிகளில் பலகைகள். ஆகவேதான் புதியவரும் தடுமாறுவதில்லை. இணையதளத்தின் மெனுவும் இத்தகைய பலகையே அன்றோ?

எங்கள் சங்கத் தளத்தை நான் அவ்வாறு கட்டவில்லை. முப்பது பக்கங்களிலும் மெனுவை நகலெடுத்து ஒட்டினேன். பின்னர் ‘விடுதி உதவி’யை மூன்றாம் இடத்தில் சேர்த்தபோது நான்கு பக்கங்கள் விடுபட்டுப் போயின. திரைபடிப்பான் வழியே கேட்டுப் படிக்கும் பார்வையற்ற நண்பர், வழக்கம்போல் மூன்றாவது இணைப்பை அழுத்தினார். திறந்தது நன்கொடைப் பக்கம்! அறை தேடி வந்தவரிடம் நன்கொடை கேட்டுவிட்டோம்.

மெனு எங்கும் ஒரே வரிசையில் வரவேண்டும் என்பது 2008-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 நெறிகளுள் ஒன்று. அதற்கு மெனு ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு அதைப் பக்கந்தோறும் வரவழைக்கலாம். அது இயங்காவிடில் மெனுவே தோன்றாது. பி.எச்.பி.யின் ‘இன்க்ளூட்’ கட்டளை நல்லது. ஆனால் சர்வரில் பி.எச்.பி. இருக்கவேண்டும். எங்களிடம் இல்லை. ஆகவே, பக்கங்களை முன்கூட்டியே தொகுத்துத் தரும் ஹியூகோவைத் தேர்ந்தேன். ஒரு சொல்லை மாற்றினாலும் தளம் முழுவதையும் மீண்டும் தொகுக்கவேண்டும். சில நொடி வேலைதான். முப்பது பக்கங்களிலும் ‘விடுதி உதவி’ இன்று மூன்றாம் இடத்தில் இருக்கிறது.