புதுவைச் சூளையில் வெந்த தட்டுகள்

பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி ஞாபகம் இருக்கிறதா? மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. வருஷக் கணக்கில் உப்பும் புளிப்பும் அதில் ஊறினாலும் ஜாடிக்கு ஒன்றும் ஆகாது. அதே மாவடுவை மண் பானையில் போட்டு வைத்துப் பாருங்கள். கசிந்து, வெளியே உப்புப் பூத்து, கொஞ்ச நாளில் பானையே பாழாகிவிடும். இரண்டும் மண்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

மண்ணும் வேறு, தீயும் வேறு. சாதாரணப் பானை சுமார் 800, 900 டிகிரி சூட்டில் வேகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் தங்கிவிடும். (பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதே அந்தத் துளைகளின் புண்ணியத்தில்தான்!) ஜாடிக்கான மண்ணை 1200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். அந்தச் சூட்டில் மண் லேசாக உருகி, கல் போல இறுகிவிடும். அதனால்தான் 'ஸ்டோன்வேர்' என்று பெயர்.

இந்த ஜாடி ஜாதியில் தட்டு, கிண்ணம், காபிக் கோப்பை என்று கையாலேயே செய்து, புதுவைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் ஓர் அமெரிக்கத் தம்பதி. டெபோரா ஸ்மித் ஜப்பான் போய் மண்பாண்டக் கலை கற்றவர். கணவர் ரே மீக்கர் கட்டடக் கலையும் படித்தவர். இருவரும் 1971-ல் புதுவையில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். சக்கரம் சுற்றுவதும் சூளை வைப்பதும் நம் குயவர்களுக்குப் புதிதா என்ன? ஆனால் இத்தனை சூட்டில் சுட்டு, பூச்சுப் பூசி, சாப்பாட்டு மேஜைக்கென்றே கையால் பாண்டம் செய்வது அன்று இந்தப் பக்கத்துக்குப் புதுசு.

பக்கத்துக் கிராமத்து ஆட்களையே வேலைக்குச் சேர்த்து, சக்கரத்தில் வனையவும், தூரிகை பிடித்துப் பூவும் கொடியும் வரையவும் பழக்கினார்கள். டெபோரா பட்டறையின் தயாரிப்பைக் கவனித்துக்கொள்ள, ரே கற்றுக்கொள்ள வந்த மாணவர்களைக் கவனித்துக்கொண்டார். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். தொழில் ரகசியம் என்று மூடி வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தொழில் கற்றவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார்கள். இன்று புதுவையிலும் ஆரோவில்லிலும் இத்தனை பட்டறைகள் இருக்கின்றன என்றால் அதற்கு விதை போட்டது அந்த ஒரு கொட்டகைதான்.

(ரே மீக்கர் 1980களில் இன்னொரு காரியமும் செய்தார். பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்! அது தனிக் கதை.)

சரி, கடைக்குப் போகிறோம். "ஒரு தட்டுக்கு இந்த விலையா! இதுக்கு அரை டஜன் எவர்சில்வர் தட்டு வாங்கிடலாமே" என்று தோன்றத்தான் செய்யும். அந்தத் தட்டு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பாருங்கள். மண்ணைக் கரைத்து, வடிகட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் பிசைய வேண்டும். நம் சப்பாத்தி மாவை விடப் பத்து மடங்கு பாடு. வனைந்ததை நிழலில் மெல்லக் காய வைக்க வேண்டும், அவசரப்பட்டால் விரிசல்தான். முதலில் ஒரு சுடல். பிறகு பூச்சில் முக்கி மறுபடியும் சுடல். புதுவைப் பக்கம் தோப்புத் தோப்பாக வளரும் சவுக்கு விறகைத்தான் கோல்டன் பிரிட்ஜ் சூளைகளில் எரித்தார்கள். மணிக்கணக்காக ஆள் மாற்றி ஆள் நின்று விறகு போட வேண்டும். அணைந்த பிறகும் சூளை ஆறும் வரை பொறுமை வேண்டும். ஆவலில் திறந்தால் உள்ளே டப், டப் என்று வெடிக்கும். இவ்வளவுக்கும் பிறகு சிலது கோணலாகும், சிலது ஒட்டிக்கொள்ளும். பத்து அங்குலத் தட்டு வேண்டுமென்றால் பதினொன்றுக்கும் மேலே வனைய வேண்டும். வெந்து வரும்போது அவ்வளவு சுருங்கிவிடும்! உடைந்து போனதற்கும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கும் விலை. வேலை செய்தவர் கூலியைக் குறைக்காமல் அந்தத் தட்டை மலிவாக விற்க வழியே இல்லை.

இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பளபளவென்று கலர் பூச்சோடு மலிவாகக் கிடைக்கும் எல்லா மண் கிண்ணமும் ஸ்டோன்வேர் ஆகிவிடாது. குறைந்த சூட்டிலேயே பூச்சு உருக வேண்டும் என்பதற்காக அதில் ஈயம் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இன்னும் முழுக்க ஒழியவில்லை. ரசம், தயிர், எலுமிச்சம்பழ சாதம் மாதிரி புளிப்பான பண்டங்கள் அந்த ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தைக் குழந்தையின் உடம்பு பெரியவர்களை விட நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். ரத்தச் சோகை, படிப்பில் மந்தம் எல்லாம் வரலாம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் வாங்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: "இது எத்தனை டிகிரியில சுட்டது? பூச்சுல ஈயம் இருக்கா?" நல்ல பட்டறைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். தட்டைக் கவிழ்த்து, பூச்சு இல்லாத அடி விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது நன்றாக வெந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓர் எலுமிச்சம்பழத் துண்டை ராத்திரி முழுக்கத் தட்டில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். பூச்சு நிறம் மங்கியிருந்தால் அதில் சாப்பாடு வேண்டாம், பூந்தொட்டிக்கு அடியில் வையுங்கள். நிறம் மாறாததாலேயே ஈயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை ஆய்வுக்கூடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே குழந்தைக்கு என்றால், செய்தவர் யாரென்று தெரிந்த இடத்தில் மட்டும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எவர்சில்வரே போதும்.

ஸ்டோன்வேர் தட்டை அடுப்பில் ஏற்றாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் சாம்பாரை ஊற்றவும் கூடாது. அடி விளிம்பு சொரசொரவென்று இருந்தால் ஒரே மாதிரி இரண்டு தட்டுகளின் அடிப்பாகத்தை ஒன்றோடொன்று லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். மேஜையில் கீறல் விழாது.