குலுக்கையில் இருந்த குதிரைவாலி

கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துக் கரிசலுக்கு வாய்த்த புன்செய்த் தானியங்கள் குதிரைவாலியும் வரகும். வைகைத் தண்ணீர் எட்டாத ஊர்கள் இங்கே ஏராளம். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். அதை நம்பி விதைத்த குதிரைவாலி, சுமார் 100 நாளில் களத்துக்கு வந்துவிடும். கண்மாய் பெருகாத வருஷத்திலும் கஞ்சிக்கு வழியிருந்தது.

அறுத்ததை உமியோடு குலுக்கையில் கொட்டிவைத்தார்கள். உமி இருக்கும்வரை தானியம் கெடாது. வேண்டியபோது அள்ளிக் குத்திக்கொள்ளலாம். ஆனால் குத்துவதுதான் பெரும்பாடு. நெல் உமியைப்போல் இது லேசில் கழலாது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தவேண்டும். வரகுக்கு மண் பூசிய திருகை. ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெண்கள் விடியுமுன் எழுந்து தோள் கடுக்க உழைத்தார்கள். பழைய சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் இந்த உழைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, ரேஷன் அரிசி வந்ததும் உலக்கை மூலைக்குப் போனதில் குற்றமே இல்லை. 2008இல் கிலோ 1 ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. பசி தீர்ந்தது பெரிய காரியம். புன்செய்களில் சில மிளகாய்க்கும் பருத்திக்கும் மாறின. தரிசாய்க் கிடந்தவற்றைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. இன்று அங்கே விளைவது கரிமூட்டத்துக்கான விறகு.

இப்போது குதிரைவாலிக்கு மறுபடி மவுசு. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் பாக்கெட் அடுக்கியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் தேடி வாங்குகிறார்கள். விதைத்த சம்சாரியோ உமியோடு வியாபாரிக்கு அளந்துவிட்டு, வீட்டில் ரேஷன் அரிசியை உலையில் போடுகிறார். தானியம் வெளியூர் ஆலையில் தோல் நீங்கி, விலை ஏறிக் கடைக்குப் போகிறது.

விழாவையும் சுவரொட்டியையும்விட இங்கே அவசரமாக வேண்டியது உமி நீக்கும் இயந்திரம். ஊர் அரிசி ஆலை இந்தப் பொடித் தானியத்துக்குச் சரிப்படாது. அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். நாலைந்து ஊருக்கு ஒன்றை மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தால், உரல் பாடு திரும்பாமலே குதிரைவாலிச் சோறு திரும்பும். தீட்டிய அரிசி நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பக்கத்திலேயே ஆலை இருந்தால் அவ்வப்போது புதிதாக அரைத்துக்கொள்ளலாம். தவிடும் ஊர் மாட்டுக்கே கிடைக்கும்.