அணைந்துபோன விளக்குச் சரமே ஆபத்து!

தீபாவளி நம்மவர்களுக்கு விடியற்காலைப் பண்டிகை. வங்காளிகளுக்கோ அதையொட்டி வரும் அமாவாசை இரவில் காளி பூஜை. ஹவுராவில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் இரண்டும் கலந்துவிட்டன. முதல் நாள் மாலையே வராந்தா கிரில்லில் வண்ண விளக்குச் சரம் ஏறிவிடுகிறது. இரவெல்லாம் எரிகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையும் ஈரத் துண்டுமாக நாம் வராந்தாவுக்கு வருகிறோம். ஐப்பசிப் பனியில் கிரில் கம்பியும் நனைந்திருக்கிறது. இந்த நேரத்தில்தான் கவனம் தேவை.

சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கே சரம் அணைந்துபோயிற்று. ஏதோ ஒரு பல்பு போய்விட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டைக் கிரில்லில் உலர்த்தப் போனார். "ஏய், கம்பி சுள்ளுன்னு இழுக்குதுடா!" என்று கையை உதறினார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அதோடு போயிற்று. வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் பயமாக இருக்கிறது.

விடிந்ததும் பக்கத்துத் தெரு மின்சார மிஸ்திரியை அழைத்து வந்தேன். டெஸ்டரைக் கிரில்லில் வைத்தார், எரிந்தது. ஸ்விட்ச் அணைந்துதான் இருக்கிறது என்றேன். "பிளக்கைப் பிடுங்கவில்லையா, தாதா?" என்று கேட்டபடி பிளக்கை உருவினார். டெஸ்டர் அணைந்தது. சரத்தைக் கிரில்லோடு சேர்த்து நான் இறுக்கிக் கட்டியிருந்த கட்டுக் கம்பி, ஒயரின் மேலுறையைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. அது ஒரு தவறு. பழைய வீட்டு வயரிங்கில் ஸ்விட்ச், ஃபேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் இருந்தது இன்னொன்று. அப்படி இருந்தால் ஸ்விட்சை அணைத்தாலும் மின்சாரம் சரத்துக்குள் வந்து காத்துக்கொண்டே இருக்கும். மிஸ்திரி காசு வாங்கவில்லை; தாயார் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தோடு போய்விட்டார்.

ஆறு வோல்ட் என்ற நம்பிக்கை

அன்றுமுதல் இதைப் பற்றித் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பலரையும் ஏமாற்றுவது அந்தக் குட்டிப் பல்புதான். வங்காளிகள் இதை 'டுனி பல்பு' என்பார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 வோல்ட் பல்பு. ஆறு வோல்ட் நம்மை என்ன செய்துவிடும் என்று வெறுங்கையால் திருகிப் பார்க்கிறோம். ஆனால் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சுமார் 38 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அந்த 230 வோல்ட்டை அவை ஆளுக்கு ஆறாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் அதற்குச் சீரியல் செட் என்று பெயர். பங்கு பல்புக்குத்தானே தவிர, தொடுகிற கைக்கு அல்ல. எரிகிற சரத்தின் நடுவில் உள்ள ஹோல்டரில் விரல் பட்டால் உடம்பில் இறங்குவது ஆறு அல்ல, நூற்றுக்கு மேல்.

சரம் அணைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு பல்பின் இழை அறுந்ததும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. ஓட்டம் இல்லாததால் பங்கு போடுவதும் இல்லை. அறுந்த இடம்வரை ஃபேஸ் பக்கமுள்ள ஒவ்வொரு ஹோல்டரிலும் முழு 230 வோல்ட் நிற்கிறது. கெட்ட பல்பைக் கழற்றிய ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கு இடையிலும் அதே 230. நாமோ சரம்தான் இருட்டாகிவிட்டதே என்று பிளக்கைப் பிடுங்காமல், அங்கேதான் விரலை விடுகிறோம்!

ரயில் நிலையத்தில் 25,000 வோல்ட் என்ற அபாயப் பலகையைப் பார்த்ததும் குழந்தையைக் கையோடு இழுத்துக்கொள்கிறவர்கள் நாம். மேலே போகிற அந்தக் கம்பியை யாரும் எட்டித் தொடப் போவதில்லை. வராந்தா கிரில்லையோ நாள் முழுவதும் தொடுகிறோம்.

கெட்ட பல்புக்குப் பதில் வேறு பல்பு கிடைக்காதபோது, ஒயரை வெட்டி இரண்டு முனையையும் முறுக்கிவிடுவது இங்கே சாதாரண வழக்கம். 38 பல்பில் எட்டை அப்படி நீக்கினால் மீதி முப்பதுக்கும் தலைக்கு ஏழரை வோல்ட்டுக்கு மேல் போகிறது. சரம் முன்னைவிடப் பளிச்சென்று எரிவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். பல்பு சூடேறுகிறது, அடுத்தடுத்துப் போகிறது; பக்கத்தில் காகிதத் தோரணமோ திரைச்சீலையோ இருந்தால் நெருப்புக்கும் இடமுண்டு.

சந்தன்நகர் கைவேலை

இந்த டுனி பல்பைக் கலையாக்கியவர்கள் நம் அண்டை ஊரார். ஹவுராவிலிருந்து மெயின் லைன் லோக்கலில் சுமார் 33 கிலோமீட்டரில் சந்தன்நகர். புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். 1950ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அங்கே ஜகத்தாத்ரி பூஜைக்காக ஸ்ரீதர் தாஸ் போன்ற கலைஞர்கள் மூங்கில் சட்டத்தில் ஆயிரக்கணக்கான பல்புகளைப் பொருத்தி, வண்ணக் கண்ணாடித் தாள் சுற்றி, சுழலும் மர உருளையில் தகடுகளை அடித்து, மயில் ஆடவும் ரயில் ஓடவும் செய்தார்கள். இப்போது அங்கேயும் எல்.ஈ.டி.தான். அந்த வேலையெல்லாம் பழகிய கைகள் செய்வது. அதே பல்பை நாம் வீட்டில் கட்டும்போது கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

வீட்டில் விளக்குச் சரம் ஏற்றும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது. 1882 டிசம்பர் 22ல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். அமெரிக்காவில் இன்றும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்தான். நமக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எல்.ஈ.டி. வந்துவிட்டதே, இனி பயமில்லை என்பார்கள் சிலர். சூடு குறைவு என்பது உண்மை. ஆனால் எஸ்ரா தெருவிலிருந்து நாம் கொத்துக் கொத்தாக வாங்கிவரும் மலிவான அரிசி விளக்குகளில் பெரும்பாலானவை நேரே 230 வோல்ட்டில் செருகுபவை. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி விளக்கை மினுக்கத்தான். வோல்ட்டைக் குறைக்க அல்ல. ஒயரோ நூல் கனம். வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். பிளக்கோடு சேர்ந்த அடாப்டர் இருந்து, அதில் அவுட்புட் 5, 12 அல்லது 24 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்கலாம். விலை கூடுதல்தான். வராந்தாவுக்கும் குழந்தைகள் கைபடும் ஜன்னலுக்கும் அதுவே நல்லது.

ஃபியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது என்பதும் சரியான பதில் அல்ல. 30 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியே பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது இருநூறில் ஒரு பங்கு, அசையவே அசையாது. என் வீட்டில் கிரில்லில் மின்சாரம் ஏறியும் ஒன்றும் விழாததற்குக் காரணம் இதுதான். இதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் நொடியில் ஒரு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அடுத்த பூஜைக்குப் பார்க்கலாம் என்பார். கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

நான் இந்த ஆண்டு சரத்தைக் கிரில்லில் கட்டவில்லை. மேலே குறுக்காக நைலான் கயிறு இழுத்து, அதில் பருத்தி நூலால் கட்டியிருக்கிறேன். ஆணி, கட்டுக் கம்பி எதுவும் இல்லை. ஒரு சரத்தின் வாலில் இன்னொன்றைச் செருகுவதையும் விட்டுவிட்டேன். படுக்கப் போகும்போது ஸ்விட்சை மட்டும் நம்பாமல் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேன். குளிக்கப் போகும் முன் எழுந்து பார்ப்பது தாயாரின் வேலை. பிளக் கீழே கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிறார்.